52-3, நாலாம் குவார்ட்டர், இன்னும் ஒரு லாங் பாஸ்: இது சரியா?

அட்லாண்டா குமரன்

சனிக்கிழமை காலேஜ் ஃபுட்பால், அதாவது அமெரிக்கன் ஃபுட்பால், பார்க்கப் போயிருந்தேன். எங்கள் ஊர் டீம் பெரிய டீம், வந்தது ஒரு சின்னக் கல்லூரி. பெயர்கள் வேண்டாம், யாரையும் திட்டுவதற்காக இந்த இழையை ஆரம்பிக்கவில்லை. நாலாம் குவார்ட்டரில் ஆறு நிமிடம் பாக்கி, ஸ்கோர் 52-3. பந்து எங்களிடம். நாலாவது டவுன், அதாவது கடைசி வாய்ப்பு, ஐந்து கெஜம் வேண்டும். பன்ட் அடிப்பார்கள், பந்தை எதிரணிப் பக்கம் தூர உதைத்துக் கொடுத்துவிடுவார்கள் என்று நினைத்து, சீட்டுக்கு அடியில் இருந்த பையை எடுத்துக்கொண்டு எழுந்துவிட்டேன். பந்தை எறிகிற மெயின் குவார்ட்டர்பேக் இன்னும் உள்ளேயே இருக்கிறார். நாற்பது கெஜத்துக்கு ஒரு எறி. டச்டவுன், ஆறு புள்ளி. அதோடு விட்டார்களா? கூடுதலாக ஒரு புள்ளிக்கு உதைப்பதை விட்டுவிட்டு இரண்டு புள்ளிக்குப் போனார்கள். 60-3.

எனக்கு உறுத்தியது அந்த ஸ்கோர்கூட இல்லை, எதிரணியின் பன்ட்டர். கடைசியில் மறுபடி வந்தார். அன்றைக்கு அவருக்கு அது ஒன்பதாவது பன்ட். நான் எண்ணிக்கொண்டிருந்தேன், வேறு என்ன வேலை. இடுப்பில் செருகியிருந்த துண்டில் கையைத் துடைத்தார். துண்டே நனைந்து தொங்கியது, அதனால் துடைத்த கையை பேன்ட்டில் மறுபடி துடைத்தார். எங்கள் ஸ்டூடன்ட் பக்கத்திலிருந்து அவர் பெயரைச் சொல்லிக் கைதட்டினார்கள். உற்சாகப்படுத்த இல்லை.

செத்த பாம்பை அடிப்பதில் என்ன வீரம்?

ஸ்கோர்போர்டு

செத்துவிட்டது என்று யார் சர்டிஃபிகேட் கொடுத்தது?

2006-இல் நார்த்வெஸ்டர்ன் மூன்றாம் குவார்ட்டரில் 38-3 என்று முன்னிலையில் இருந்தது. மிச்சிகன் ஸ்டேட் அந்த ஆட்டத்தை 41-38 என்று ஜெயித்தது. 2017-இல் டெக்சஸ் ஏ அண்ட் எம் 44-10 என்று இருந்த மேட்சில் யூசிஎல்ஏ 45-44 என்று முடித்தது. இரண்டு பாம்பும் எழுந்து கடித்தது.

ஆட்டம் 60 நிமிடம். அடிப்பது ஒரு அணியின் வேலை, தடுப்பது இன்னொரு அணியின் வேலை. தடுக்க முடியாதவனுக்காக அடிப்பவன் வெட்கப்பட வேண்டும் என்பது என்ன கணக்கு?

அட்லாண்டா குமரன்

மூன்றாம் குவார்ட்டரில் 35 புள்ளி, சரி, ஒத்துக்கொள்கிறேன். ஆறு நிமிடத்தில் 49 புள்ளி? ஏழு டச்டவுன் வேண்டும் பாஸ், அதுவும் நடுவில் நாம் ஒருமுறைகூடப் பந்தைத் தொடாமல் இருந்தால். அந்த பயத்தில்தான் லாங் பாஸ் போட்டார்கள் என்று நீங்களே நம்பமாட்டீர்கள்.

புதுசு

ஆகஸ்டில்தான் படிக்க வந்தேன், விவரம் தெரியாமல் கேட்கிறேன். டெஸ்ட் மேட்சில் போதும் என்று டிக்ளேர் செய்வார்களே, அப்படி இங்கே ஒன்றும் கிடையாதா?

கொலம்பஸ் வாசுகி

டிக்ளேர் கிடையாது தம்பி. முட்டி போடலாம். குவார்ட்டர்பேக் பந்தை வாங்கி ஒரு முட்டியைத் தரையில் வைத்தால் அந்த டவுன் முடிந்தது. கடிகாரம் மட்டும் ஓடும், அடுத்த ஆட்டத்துக்கு 40 நொடி எடுத்துக்கொள்ளலாம். நம் பள்ளிக்கூடத்தில் வீட்டுப்பாடம் எழுதாதவன் முட்டி போடுவான், இங்கே ஜெயித்தவன் போடுகிறான்.

ஆனால் ஆறு நிமிடத்தை முட்டியிலேயே ஓட்ட முடியாது. நாலு டவுனில் பத்து கெஜம் போகாவிட்டால் பந்து கைமாறிவிடும். எதிரணியிடம் கடிகாரத்தை நிறுத்துகிற டைம்அவுட் இல்லாவிட்டால் இரண்டு நிமிடம் சொச்சத்தைக் கரைக்கலாம், அவ்வளவுதான். அதற்கு முன்னால் என்றால் மெயின் ஆட்களை வெளியே எடுத்துவிட்டு பந்தை எறியாமல் நடுவிலேயே ரன் ஓடுவார்கள். இரண்டு கோச்சும் ரெஃப்ரியும் ஒத்துக்கொண்டால் மீதிக் குவார்ட்டரைச் சுருக்கவும் விதியில் இடம் இருக்கிறது. கேட்கத்தான் யாருக்கும் வாய் வராது. தோற்கிறவன் கேட்டால் கெஞ்சல், ஜெயிக்கிறவன் கேட்டால் நக்கல்.

பழைய ரேடியோ

குமரன் தம்பிக்கு ஒன்று சொல்ல வேண்டும். உங்கள் 60-3 எல்லாம் எனக்குப் பால்குடி. 1989 அக்டோபரில் ஹூஸ்டன் ஆஸ்ட்ரோடோமில் உட்கார்ந்திருந்தேன், அப்போது அங்கே மாணவன். ஹூஸ்டன் 95, எஸ்எம்யூ 21.

பின்கதை தெரியாதவர்களுக்கு: எஸ்எம்யூ ஆட்டக்காரர்களுக்கு ரகசியமாகப் பணம் கொடுத்து மாட்டிக்கொண்ட கல்லூரி. கல்லூரி விளையாட்டுகளைக் கட்டுப்படுத்தும் அமைப்பான என்சிஏஏ 1987 சீசனையே ரத்து செய்தது. 1988-ஐ அவர்களே வேண்டாம் என்று விட்டார்கள். 89-இல் திரும்பி வந்தபோது அணியில் பெரும்பாலும் முதலாண்டுப் பையன்கள். தப்பு செய்தவர்கள் எல்லாரும் எப்போதோ போய்விட்டார்கள். கோச் ஃபாரஸ்ட் கிரெக், கிரீன் பே தொழில்முறை அணியின் பழைய ஜாம்பவான், படித்த கல்லூரிக்காக வந்தவர். அந்தப் பையன்களுக்கு எதிராக எங்கள் ஆண்ட்ரே வேர் முதல் பாதியிலேயே 517 கெஜமும் ஆறு டச்டவுனும் எறிந்தார். அதற்கப்புறம் மாற்று குவார்ட்டர்பேக் வந்தார், அவரும் எறிந்தார்.

நான் என்ன செய்தேன் தெரியுமா? நூறு அடிக்க மாட்டார்களா என்று பக்கத்து சீட்டுக்காரனிடம் வாய்விட்டுக் கேட்டேன். அவனும் சிரித்தான். வயது இருபத்துநாலு. இப்போது யோசித்தால் கூசுகிறது. அப்போது கூசவே இல்லை, அதையும் சொல்லிவிடுகிறேன்.

ஸ்கோர்போர்டு

ஐயா, மீதிக் கதையையும் நீங்களே சொல்லிவிட வேண்டும். அந்த வருஷம் ஹூஸ்டனும் தண்டனையில்தான் இருந்தது. டிவியில் வரக்கூடாது, சீசன் முடிவில் நடக்கும் போல் மேட்சும் கிடையாது. வருஷத்தின் சிறந்த ஆட்டக்காரருக்கான ஹைஸ்மன் டிராஃபிக்கு வோட்டுப் போடுகிறவர்களில் பாதிப் பேருக்கு மேல் வேர் ஆடியதைப் பார்த்தே இருக்கமாட்டார்கள். டிவியில் தெரியாதவன் பேப்பரில் தெரிய வேண்டும் என்றால் எண் பெரிதாக இருக்க வேண்டும். டிசம்பரில் ஹைஸ்மன் டிராஃபி யாருக்குப் போனது? வேருக்குத்தான்.

அதோடு அவர்கள் ஆடியது ரன் அண்ட் ஷூட். பந்தைப் பிடிக்கிற ரிசீவர் நாலு பேர், எல்லாம் பாஸ். அந்த அணிக்கு வேறு ஆட்டமே தெரியாது. தோசைக் கடையில் போய் ஏன் தோசையே சுடுகிறீர்கள் என்று கேட்பீர்களா?

பழைய ரேடியோ

95 தோசை சுட வேண்டாம் என்று கேட்கலாமே.

ஸ்கோர்போர்டு

சரி சரி. ஆனால் நான் சொல்ல வருவது, கோச்சைத் திட்டிப் பயனில்லை. அளக்கிற கோல் அப்படி.

2014 டிசம்பர் 6-ஐப் பாருங்கள். அப்போதுதான் நாலு அணி மோதி சாம்பியனை முடிவு செய்யும் பிளேஆஃப் முதல் வருஷம், யார் உள்ளே என்று ஒரு குழு உட்கார்ந்து முடிவு செய்யும். டிசியூ மூன்றாம் இடத்தில் இருந்தது. அன்றைக்கு அயோவா ஸ்டேட்டை 55-3 என்று அடித்தது. அதே நாள் ஓஹையோ ஸ்டேட், குவார்ட்டர்பேக் வரிசையில் மூன்றாவது ஆளான கார்டேல் ஜோன்ஸை முதல்முறையாக ஸ்டார்ட் பண்ண வைத்து, விஸ்கான்சினை 59-0 என்று சுருட்டியது. மறுநாள் ஓஹையோ ஸ்டேட் நாலாவது இடம், உள்ளே. 55-3 ஜெயித்த டிசியூ ஆறாவது இடம், வெளியே. ஓஹையோ ஸ்டேட் அப்புறம் அலபாமாவையும் ஆரிகனையும் ஜெயித்து சாம்பியனே ஆகிவிட்டது.

பாதி ஆட்டத்தோடு போதும் என்று நிறுத்தி 38-0-வில் முடித்திருந்தால்? அந்தக் குழு கார்டேல் ஜோன்ஸை நம்பியிருக்குமா? வாசுகி அக்கா, நீங்கள் ஓஹையோ ஸ்டேட் இருக்கிற கொலம்பஸ். மனசாட்சியோடு சொல்லுங்கள், அன்றைக்கு 59-ஐப் பார்த்து வருத்தப்பட்டீர்களா?

கொலம்பஸ் வாசுகி

வருத்தமா? வடை சுட்டுக் கொண்டாடினேன்.

ஆனால் அந்த மேட்ச் வேறு. அது கான்ஃபரன்ஸ் ஃபைனல், எதிரே விஸ்கான்சின், நம்மைப் போலவே பெரிய டீம். குமரன் சொல்வது பணம் கொடுத்துக் கூட்டிவந்த சின்ன டீமை. இரண்டையும் ஒரே தராசில் போடாதீர்கள்.

எங்கள் ஊரிலேயே வெட்கப்பட வேண்டியது ஒன்று இருக்கிறது, நானே சொல்கிறேன். 1968. மிச்சிகனுக்கு எதிராகக் கடைசி ஒன்றரை நிமிடத்தில் டச்டவுன் போட்டு 50-14. அதற்கப்புறமும் எங்கள் கோச் வுடி ஹேய்ஸ் அணி இரண்டு புள்ளிக்குப் போனது. கிடைக்கவில்லை. ஏன் போனீர்கள் என்று கேட்டதற்கு 'மூன்று புள்ளிக்குப் போக வழியில்லையே' என்று சொன்னாராம். சொன்னாரா இல்லையா என்று இங்கே டீக்கடை பெஞ்ச் போட்டு இன்றும் சண்டை நடக்கும். எங்கள் வீட்டுக்காரர் சொல்லவே இல்லை என்பார், மாமனார் அடித்துச் சொன்னார் என்பார்.

அடுத்த வருஷம் மிச்சிகனுக்குப் புது கோச், போ ஷெம்பெக்லர். ஹேய்ஸிடமே வேலை பார்த்தவர். பயிற்சியில் ஓஹையோ ஸ்டேட்டாக நடிக்கிற பையன்களுக்கு 50 என்ற எண் போட்ட சட்டையை மாட்டிவிட்டார். தினமும் அந்த எண்ணைப் பார்த்துப் பார்த்து எரிந்திருக்கிறார்கள். 22 ஆட்டம் தொடர்ந்து ஜெயித்து, முதலிடத்தில் இருந்த எங்களை 24-12 என்று சாய்த்துவிட்டார்கள். அந்த வயிற்றெரிச்சலை விலைக்கு வாங்கியவர் எங்கள் ஆள்தான்.

அட்லாண்டா குமரன்

அக்கா எனக்குப் பாதி வேலையை முடித்துவிட்டார். இன்னொன்று. 1985 நவம்பர் 30, மயாமி 58, நோட்டர்டேம் 7. நோட்டர்டேம் கோச் ஜெர்ரி ஃபாஸ்ட்டுக்கு அது கடைசி ஆட்டம், பதவி விலகுகிறேன் என்று அந்த வாரம்தான் அறிவித்திருந்தார். போகிற மனுஷனை மயாமி கோச் ஜிம்மி ஜான்சன் அணி கடைசிவரை விடவில்லை. டிவி வர்ணனையில் இருந்த ஆரா பார்சீகியனாலேயே தாங்க முடியாமல் நேரலையில் குறை சொன்னார். அவரும் பழைய நோட்டர்டேம் கோச், அதையும் மறக்கக்கூடாது.

அடுத்த ஜனவரி 1 அன்று என்ன ஆச்சு? தேசிய சாம்பியன் ஆகிவிடலாம் என்ற கனவோடு சுகர் போலுக்குப் போன அதே மயாமியை டென்னசி 35-7 என்று அடித்து அனுப்பியது.

ஸ்கோர்போர்டு

அரசன் அன்று கொல்வான், தெய்வம் சுகர் போலில் கொல்லும் என்கிறீர்கள். அப்படியென்றால் 2014-இல் தெய்வம் எங்கே போயிற்று? உங்களுக்குப் பிடித்த முடிவு வந்தால் தர்மம், வராவிட்டால் வேறு மேட்ச்.

ஜான்சன் பக்கத்தையும் கேளுங்கள். மயாமிக்கு அப்போது தரவரிசையில் மேலே போக வோட்டு வேண்டும். எழுபதுகள் முழுக்க நோட்டர்டேமிடம் அடி வாங்கிக்கொண்டே இருந்த அணி அது. அப்போது யாரும் மயாமிக்காக மைக்கில் கண்ணீர் விடவில்லை.

அட்லாண்டா குமரன்

உங்களுக்கு மனிதாபிமானம் என்று ஒன்று இருந்தால் இப்படிப் பேசமாட்டீர்கள். கீபோர்டு வீரர்.

நெறியாளர்

ஆட்டத்தைப் பேசுங்கள், ஆளைப் பேச வேண்டாம். குமரன், அந்தக் கடைசி வரிக்கு ஒரு மஞ்சள் அட்டை. தெரியும், அது வேற ஃபுட்பால்.

மூணாவது வரிசை

வணக்கம். நான் இங்கேயே பிறந்தவன், சனிக்கிழமைத் தமிழ் வகுப்பில் படித்த தமிழ், தப்பு இருந்தால் மன்னிக்கவும். இந்த விஷயத்தில் இரண்டு பக்கமும் நின்றிருக்கிறேன், அதனால் எழுதுகிறேன்.

டெக்சஸில் ஹைஸ்கூல் டீமில் ஆடினேன். மோசமான டீம். ஒருமுறை 63-0 என்று தோற்றோம். அவர்கள் டச்டவுன் போட்டபோதெல்லாம் எனக்குக் கோபம் வந்தது. கோபம் நல்லது, அடுத்த ஆட்டத்தில் ஓட வைக்கும். கடைசி நாலு நிமிடம் அவர்கள் முட்டி போட ஆரம்பித்தார்கள். எங்கள் கோட்டுக்கு எட்டு கெஜம் தள்ளி நின்றுகொண்டு, நாலு டவுனும் முட்டி. அவர்கள் லைன்மேன் என் எதிரே நின்று, தலையைச் சாய்த்து, பாவம் பார்க்கிற மாதிரி ஒரு சிரிப்பு சிரித்தான். 63-க்கு வராத அழுகை அந்தச் சிரிப்புக்கு வந்தது. ஹெல்மெட்டுக்குள் அழுதால் துடைக்கவும் முடியாது.

அப்புறம் சின்ன காலேஜ் ஒன்றில் வாக்-ஆன், அதாவது ஸ்காலர்ஷிப் இல்லாமல் அணியில் ஒட்டிக்கொண்டவன். ரிசீவர். மூன்று வருஷம் பெஞ்சு. காலையில் ஐந்து மணிக்கு எழுந்து அதே வெயிட், அதே ஓட்டம், மெயின் ஆட்களோடு. நான் உள்ளே போவது 45-0 மாதிரி ஸ்கோர் வந்தால்தான். ஒரு சனிக்கிழமை அம்மா ஐந்து மணிநேரம் கார் ஓட்டிக்கொண்டு வந்திருந்தார். நாலாம் குவார்ட்டரில் கோச் கூப்பிட்டார். போகும்போதே சொன்னார்: ரன் மட்டும், யாரும் பந்தை எறியக்கூடாது, மரியாதை. ஒன்பது பிளே ஆடினேன். ஒன்பதிலும் எதிரே இருந்தவனைத் தள்ளினேன். கடைசியில் அம்மா கேட்டார்: "ஏண்டா, உனக்கு மட்டும் ஏன் யாருமே பந்து போடவில்லை?"

கோச் மரியாதை கொடுத்தது எதிரணிக்கு. அதற்குக் காசு கொடுத்தது நான்.

கொலம்பஸ் வாசுகி

தம்பி, உங்கள் தமிழில் ஒரு தப்பும் இல்லை. அம்மாவுக்கு என் அன்பைச் சொல்லுங்கள்.

அட்லாண்டா குமரன்

இதற்கு என்னிடம் பதில் இல்லை. ஒன்று மட்டும் சொல்கிறேன். அன்றைக்கு அந்த 40 கெஜ பாஸை எறிந்தது மூன்றாவது வரிசைப் பையனாக இருந்தால் நான் இந்த இழையைத் திறந்தே இருக்கமாட்டேன், எழுந்து நின்று விசிலடித்திருப்பேன். எறிந்தது மெயின் குவார்ட்டர்பேக். 52-3-இல் அவர் ஏன் உள்ளே இருக்கிறார்? அப்புறம் அந்த இரண்டு புள்ளி எதற்கு? 49 புள்ளி முன்னிலையில் இருப்பவனுக்கு அந்த ஒரு புள்ளி என்ன ஆகப்போகிறது?

ஸ்கோர்போர்டு, மேலே எழுதியதற்கு மன்னிக்கவும்.

ஸ்கோர்போர்டு

விடுங்கள் பாஸ். அந்த இரண்டு புள்ளியை நானும் தாங்கிப் பிடிக்க மாட்டேன். அது ஃபுட்பால் இல்லை, எதிரே இருக்கிற கோச்சுக்கு எழுதுகிற கடிதம். 2009-இல் ஹார்பா ஸ்டான்ஃபோர்டு கோச்சாக இருந்தபோது யூஎஸ்சிக்கு எதிராக 48-21 இருக்கும்போது அப்படித்தான் இரண்டுக்குப் போனார். மேட்ச் 55-21. கைகுலுக்கும்போது யூஎஸ்சி கோச் பீட் கேரல் கடுப்பாகி, உனக்கு என்னய்யா பிரச்சினை என்று கேட்டது ஊருக்கே தெரியும்.

ஆனால் அதற்கு அடுத்த மேட்சிலேயே கேரல் என்ன செய்தார்? யூசிஎல்ஏவுக்கு எதிராக ஜெயித்தாயிற்று, முட்டி போட்டுக்கொண்டிருந்தார்கள். எதிரணி கோச் டைம்அவுட் கேட்டார். அவ்வளவுதான், அடுத்த பிளேயில் 48 கெஜத்துக்கு ஒரு பாஸ், டச்டவுன், 28-7. தன் முறை வந்தால் எல்லாரும் ஒன்றுதான்.

மெயின் ஆள் உள்ளே இருந்தது பற்றி: இருக்கலாம், தப்பாகவே இருக்கலாம். ஆனால் பேக்அப் வந்தால் எறியலாம் என்று நீங்களே ஒத்துக்கொண்டீர்கள். அப்போது 52, 60 ஆவதில் உங்களுக்குப் பிரச்சினை இல்லை. பிரச்சினை ஸ்கோர் இல்லை என்று முதலிலேயே சொல்லியிருந்தால் இவ்வளவு தூரம் வந்திருக்க வேண்டாம்.

புதுசு

அப்படியென்றால் ஒரு சட்டம் போட்டுவிட்டால் என்ன? இத்தனை புள்ளிக்கு மேல் போனால் ஆட்டம் முடிந்தது என்று.

கொலம்பஸ் வாசுகி

ஹைஸ்கூலில் பல மாநிலங்களில் வித்தியாசம் ஒரு அளவைத் தாண்டினால் கடிகாரத்தை நிறுத்தாமல் ஓட விடுவார்கள். கனெக்டிகட்டில் 2006-இல் இன்னும் ஒரு படி மேலே போய், 50 புள்ளிக்கு மேல் வித்தியாசத்தில் ஜெயித்தால் அந்த கோச்சுக்கு அடுத்த ஆட்டம் கிடையாது என்று விதி வைத்தார்கள். பள்ளிப் பிள்ளைகளுக்குச் சரி. காலேஜில் டிவிக்காரனுக்கு மூன்றரை மணிநேரம் விற்றாயிற்று, விளம்பரம் எல்லாம் வாங்கியாயிற்று. யார் சீக்கிரம் முடிக்க விடுவான்?

பழைய ரேடியோ

வாசுகி பணத்தைத் தொட்டுவிட்டார், நான் அதற்காகத்தான் காத்திருந்தேன். கோச்சையும் குவார்ட்டர்பேக்கையும் விடுங்கள். அந்தச் சின்னக் கல்லூரியை அங்கே யார் கூட்டிவந்தது?

2012-இல் சவானா ஸ்டேட் என்ற சின்னக் கல்லூரி. முதல் வாரம் ஓக்லஹோமா ஸ்டேட்டிடம் 84-0. அடுத்த வாரம் ஃப்ளோரிடா ஸ்டேட்டிடம் 55-0. அதுவும் மூன்றாம் குவார்ட்டரில், கடிகாரத்தை நிற்காமல் ஓட விட கோச்சுகள் ஒத்துக்கொண்டு ஓட்டிக்கொண்டிருக்கும்போது மின்னல் வந்து ஆட்டத்தையே நிறுத்தியது. வானத்துக்கே பொறுக்கவில்லை. இந்த இரண்டு அடிக்கும் சேர்த்து அவர்களுக்குக் கிடைத்தது 8,60,000 டாலர். அந்தப் பணத்தில்தான் அந்த மாதிரிக் கல்லூரிகளில் மற்ற விளையாட்டுகள் ஓடுகின்றன. உடம்பைக் கொடுப்பது பதினெட்டு, பத்தொன்பது வயசுப் பிள்ளைகள். கையெழுத்துப் போடுகிறவர் ஏசி அறையில்.

இது இன்று நேற்று வந்ததில்லை. குமரன், கதை உங்கள் ஊரிலேயே இருக்கிறது. நீங்கள் சொன்னால் நன்றாக இருக்கும்.

அட்லாண்டா குமரன்

ஜார்ஜியா டெக் 222, கம்பர்லாண்ட் 0. 1916 அக்டோபர் 7. அந்த கிராண்ட் ஃபீல்டு இன்னும் நார்த் அவென்யூ பக்கத்தில் அதே இடத்தில்தான் இருக்கிறது, பெயர்தான் மாறிவிட்டது. வேலைக்குப் போகும்போது தினமும் அதைத் தாண்டித்தான் போகிறேன்.

கம்பர்லாண்ட், டென்னசியில் லெபனான் என்ற ஊரில் உள்ள கல்லூரி. அந்த வருஷம் ஃபுட்பால் அணியையே கலைத்துவிட்டார்கள். ஆனால் டெக்கோடு போட்ட ஒப்பந்தம் நிற்கிறது. வராவிட்டால் 3,000 டாலர் அபராதம். வந்தால் 500 டாலரும் வழிச்செலவும் தருகிறோம் என்றார் டெக் கோச் ஜான் ஹைஸ்மன். கம்பர்லாண்டின் மாணவர் மேனேஜர் ஜார்ஜ் ஆலன், கிடைத்த பையன்களைத் திரட்டி ரயிலேற்றினார். முதல் குவார்ட்டர் முடிவில் 63-0. பாதியில் 126-0. இரண்டாம் பாதியில் நேரத்தைச் சுருக்கியும் 222. டெக் ஒரு பாஸ்கூட எறியவில்லை, எல்லாம் ஓட்டம்தான். இரு பக்கமும் ஒரு ஃபர்ஸ்ட் டவுன்கூட, அதாவது பத்து கெஜம் கடந்து புதிதாக நாலு டவுன் வாங்குவதுகூட, இல்லை. டெக் எடுத்ததெல்லாம் டச்டவுன், பிறகு எப்படி ஃபர்ஸ்ட் டவுன் வரும்.

ஏன் இவ்வளவு வன்மம்? முந்தைய வசந்தத்தில் பேஸ்பாலில் கம்பர்லாண்ட் டெக்கை 22-0 என்று அடித்தது. காசு வாங்கும் தொழில்முறை ஆட்களை மாணவர் என்று சொல்லி இறக்கிவிட்டார்கள் என்று பேச்சு. டெக் பேஸ்பால் கோச்சும் அதே ஹைஸ்மன். அடிக்கிற புள்ளியை வைத்து அணிகளைத் தரம் பிரிக்கும் பத்திரிகைக்காரர்கள்மேலும் அவருக்குக் கோபம், இந்த எண்ணுக்கு அர்த்தமே இல்லை என்று காட்ட நினைத்தார் என்றும் சொல்வார்கள். நூறு வருஷம் தாண்டியும் அவர் பெயரில்தான் ஹைஸ்மன் டிராஃபி. அதை ஆண்ட்ரே வேருக்கு வாங்கிக் கொடுத்ததும் அந்த மாதிரி எண்தான்.

ஸ்கோர்போர்டு

500 டாலர் 8,60,000 ஆகியிருக்கிறது, அவ்வளவுதான் மாற்றம். இதில் நான் ஐயாவோடு. அட்டவணை போட்டவனைக் கேளுங்கள், ஆடுகிறவனை விடுங்கள்.

பழைய ரேடியோ

ஆடுகிறவனை மொத்தமாக விட்டுவிட மாட்டேன். 1940-இல் கார்னல், தோல்வியே இல்லாமல் 18 ஆட்டம் வந்த அணி. டார்ட்மவுத்திடம் கடைசி நொடிகளில் டச்டவுன் போட்டு 7-3 என்று ஜெயித்தது. அப்புறம் ஃபிலிமைப் போட்டுப் பார்த்தால், ரெஃப்ரி தப்பாக எண்ணி ஐந்தாவதாக ஒரு டவுன் கொடுத்திருக்கிறார். கார்னல் தந்தி அடித்தது: வெற்றி எங்களுடையது இல்லை. இன்றுவரை ஏட்டில் டார்ட்மவுத் 3, கார்னல் 0.

1990-இல் அதே மாதிரி ஐந்தாவது டவுன் கொலராடோவுக்குக் கிடைத்தது, மிசோரியை 33-31 என்று ஜெயித்தார்கள். திருப்பிக் கொடுக்கவில்லை.

ஸ்கோர்போர்டு

கொடுக்காததால் அந்த வருஷம் பத்திரிகைக்காரர்கள் வோட்டுப் போடும் ஏபி வாக்கெடுப்பில் முதலிடம், தேசிய சாம்பியன். கார்னலை யாருக்கு ஞாபகம் இருக்கிறது?

கொலம்பஸ் வாசுகி

ஐயாவுக்கு இருக்கிறது. இப்போது உங்களுக்கும் இருக்கிறது.

மூணாவது வரிசை

அம்மாவிடம் இந்த இழையைப் படித்துக் காட்டினேன். அந்த எதிரணி பன்ட்டர் பையனுக்குக் காய்ந்த துண்டு ஒன்றை யாராவது கொடுத்தார்களா என்று கேட்கச் சொன்னார்.

அட்லாண்டா குமரன்

கொடுத்தார்கள். எங்கள் டீம் பையன்தான், சைட்லைனில் தண்ணீர் கொடுக்கிறவன். ஆட்டம் முடிந்து எல்லாரும் கைகுலுக்கும்போது போய்த் தோளில் போட்டான். முதலில் எழுத விட்டுப்போயிற்று.

புதுசு

கடைசியாக ஒரு சந்தேகம். 222-ஐ ஆறால் வகுத்தால் 37 வருகிறது. 37 டச்டவுனா?

அட்லாண்டா குமரன்

இல்லை தம்பி, 32 டச்டவுன். ஒன்றுக்கு ஆறு, 192. அதற்கப்புறம் கூடுதல் புள்ளி 30.

புதுசு

அப்போது இரண்டு கிக்கைத் தவறவிட்டிருக்கிறார்கள்.

ஸ்கோர்போர்டு

ஹைஸ்மன் அந்தக் கிக்கரை என்ன சொல்லியிருப்பார் என்று நினைத்தால்தான் எனக்குப் பயமாக இருக்கிறது.